பெல்ஜியத்துக் காமிக்ஸ் ஓர் ஈரானியருக்கு ஊராக முடியுமா?

வடக்குவாசல்:
டொராண்டோவில் எங்கள் அலுவலகத்தில் ஓர் ஈரானியப் பெண்மணி இருக்கிறார். டெஹ்ரானில் பிறந்து, தொண்ணூறுகளில் பெற்றோருடன் கனடா வந்தவர். அவர் வீட்டு அலமாரியில் பழம்பெரும் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைகளுக்குப் பக்கத்தில் பாரசீக மொழியில் அச்சான இரண்டு டின்டின் புத்தகங்கள் இருக்கின்றன. டின்டின் என்ற இளம் நிருபரும் அவர் நண்பர் கேப்டன் ஹேடாக்கும் ராக்கெட் ஏறி நிலவுக்குப் போகும் இரண்டு பாகக் கதை. அட்டை பிய்ந்து டேப் ஒட்டியிருக்கிறது. ஊர் ஞாபகம் வந்தால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டதும், யோசிக்காமல் அந்த இரண்டையும் எடுத்துக் காட்டினார்.

என் மனைவிக்கு இது புரியவில்லை. ஹெர்ஜே என்ற பெல்ஜியக்காரர் வரைந்தது, 1953-லும் 1954-லும் பிரெஞ்சு மொழியில் புத்தகமாக வந்தது, கதை நடப்பது ஐரோப்பாவிலும் நிலவிலும். இதில் ஈரான் எங்கே என்று கேட்கிறாள். எனக்கு அந்தப் பெண்மணி சொல்வதுதான் சரி என்று படுகிறது. யார் வரைந்தது என்பதை விட, எந்த வீட்டில் எந்த வயதில் வாசித்தோம் என்பதுதான் ஊரைக் கொண்டுவருகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கருங்குருவி:
உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கேட்கிறேன். எழுபதுகளில் டின்டின் எந்த ஈரானியக் குழந்தையின் கைக்குப் போனது? 1976 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் பாதிக்கும் குறைவு. வழவழப்பான தாளில் வண்ணத்தில் வந்த வெளிநாட்டுக் காமிக்ஸ், வசதியுள்ள நகரத்து வீடுகளின் பொருள். அதைப் பார்த்து 'ஊர்' என்று உருகும்போது, புரட்சிக்கு முன் ஆண்ட மன்னர் ஷா காலத்து நடுத்தர வர்க்கத்தின் ஒரு மூலையை மொத்த ஈரானாக எடுத்துக்கொள்கிறோம்.

அந்த நாட்டுக் குழந்தைகளுக்கென்றே எழுதியவை இல்லாமலா போயின? 1956 முதல் இன்றுவரை வரும் 'கேஹான் பச்சேஹா' என்ற சிறுவர் வார இதழ் இருக்கிறது. 1965-ல் தொடங்கிய 'கானூன்' என்ற சிறுவர் நிறுவனம் நாடு முழுக்க நூலகம் திறந்தது, நடமாடும் நூலகங்களை அனுப்பியது, அந்த ஊர் ஓவியர்களைக் கொண்டே படப் புத்தகம் போட்டது. அதில் வந்த 'சின்னக் கறுப்பு மீன்' கதைக்குப் படம் வரைந்த ஃபர்ஷித் மெஸ்காலிக்கு 1974-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. இவ்வளவு இருக்க, பிரஸ்ஸல்ஸ் காமிக்ஸ் எப்படி அவருடைய ஊரானது?

ஏடுதேடி:
நான் பல மொழி டின்டின் சேர்ப்பவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

டெஹ்ரானில் யூனிவர்சல் என்ற பதிப்பகம் எழுபதுகளில் டின்டினை வரிசையாகப் பாரசீகத்தில் கொண்டுவந்தது. லக்கி லூக் என்ற கௌபாய் காமிக்ஸையும் அவர்கள்தான் போட்டார்கள். 1979 இஸ்லாமியப் புரட்சியோடு அந்த வரிசை நின்றது. அப்புறம்தான் உண்மையான கதை. ஏற்கெனவே அச்சான பிரதிகள் மட்டுமே மிச்சம் என்பதால் அண்ணன் தம்பிக்கு, தம்பி மாமா மகளுக்கு, அவள் பக்கத்து வீட்டுக்கு என்று அவை கைமாறிக்கொண்டே இருந்தன. டெஹ்ரான் பல்கலைக்கழகத்துக்கு எதிரே எங்கெலாப் தெருவில் பழைய புத்தகக்காரர்களிடமும் கிடைத்தன. ஈரான் பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இல்லாத நாடு. வெளிநாட்டுப் புத்தகத்தை அங்கே மறுபடி அச்சிட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதனால் பின்னாளில் மறுபதிப்புகளும் வந்தன.

இதைச் சொல்லக் காரணம், எண்பதுகளில் அந்தப் புத்தகத்தை வாசித்த குழந்தை அதைக் கடையில் வாங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு யாரோ வளர்ந்து முடித்துக் கொடுத்த புத்தகம் அது. 'வசதியுள்ளவர்களின் பொருள்' என்பது 1975-க்குப் பொருந்தலாம். 1985-க்குப் பொருந்தாது. ஈராக்கோடு போர் நடக்கிறது, பங்கீட்டுக் கூப்பனில் சாமான் வாங்குகிறார்கள், தொலைக்காட்சியில் இரண்டே அலைவரிசை. அந்த நேரத்தில் மாமா மகனிடமிருந்து வரும் ஒரு பழைய காமிக்ஸ் எதைத் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கருங்குருவி:
விவரத்துக்கு நன்றி ஏடுதேடி. ஆனால் பழைய புத்தகமாகக் கைமாறியதால் உள்ளடக்கம் மாறிவிடாது. உங்கள் ஹெர்ஜே, ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்து வைத்திருந்தபோது அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த நாளிதழில் டின்டின் தொடர் வரைந்தவர். காங்கோ கதையில் ஆப்பிரிக்கர்களை எப்படி வரைந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கண் வழியாக உலகத்தைப் பார்க்கப் பழகிய குழந்தை, தன் ஊரையும் அந்தக் கண்ணால்தானே பார்க்கும்? என் கவலை அதுதான்.

பொதிகைச்சாரல்:
இரண்டு பேரும் 'ஈரானியக் குழந்தை' என்று ஒரே குழந்தையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அங்கேயே இடிக்கிறது.

கருங்குருவி சொன்ன 'சின்னக் கறுப்பு மீன்' கதையை எழுதிய சமத் பெஹ்ராங்கி, ஈரானின் வடமேற்கே உள்ள அஸர்பைஜான் பகுதியில் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அவர் தாய்மொழி அஸெரித் துருக்கி. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழியில் படிக்க வழியில்லை, பாரசீகம்தான். புத்தகம் 1968-ல் வந்தது, அதே வருடம் அவர் அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது 29. ஆக, அந்தப் பகுதியின் தப்ரீஸ் நகரத்துப் பக்கத்துக் குழந்தைக்கு டின்டின் எவ்வளவு வெளியூரோ, 'கேஹான் பச்சேஹா'வும் கிட்டத்தட்ட அவ்வளவு வெளியூர்தான்.

இதை மேலோட்டமாகச் சொல்லவில்லை. 2006 மே மாதம் 'ஈரான்' என்ற அரசு நாளிதழின் வார இணைப்பில், சிறுவர் பக்கத்தில், மானா நேயெஸ்தானி என்ற கார்ட்டூனிஸ்ட் ஒரு கரப்பான்பூச்சியை வரைந்தார். அது அஸெரிச் சொல் ஒன்றைப் பேசியது. தங்களைப் பூச்சி என்கிறார்கள் என்று அஸெரிகள் தெருவில் இறங்கினார்கள், போராட்டங்களில் உயிர்கள் போயின, நாளிதழ் மூடப்பட்டது. நேயெஸ்தானியும் பக்க ஆசிரியரும் எவின் சிறைக்குப் போனார்கள். தற்காலிகமாக வெளியே விட்டபோது அவர் மனைவியோடு நாட்டை விட்டே கிளம்பிவிட்டார். பல நாடுகள் அலைந்து 2011-ல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்து, இந்தக் கதையையே 2012-ல் காமிக்ஸாகப் போட்டார். ஒரு சிறுவர் பக்கத்துக் கார்ட்டூன் ஒருவரைப் புலம்பெயர வைத்திருக்கிறது. அதே பக்கம் இன்னொரு குழந்தையை 'நீ இந்த வீட்டுப் பிள்ளை இல்லை' என்று நினைக்கவும் வைத்திருக்கும். உள்ளூரில் வரைந்ததாலேயே அது எல்லாருக்கும் ஊர் ஆகிவிடாது கருங்குருவி.

கருங்குருவி:
இதை ஏற்கிறேன். ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. நேயெஸ்தானி வரைந்ததில் அந்த நாட்டின் சண்டை இருக்கிறது, காயம் இருக்கிறது. அதனால்தான் மக்கள் கோபப்பட்டார்கள். டின்டினைப் பார்த்துத் தப்ரீஸில் யாராவது தெருவில் இறங்கியிருப்பார்களா? யாரையும் தொடாத புத்தகம் அது. நம்மைத் தொடாத ஒன்று எப்படி ஊராகும்?

ஏடுதேடி:
யாரையும் தொடவில்லை என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்? புலம்பெயர்ந்த ஈரானியரின் காமிக்ஸ் என்றதும் எல்லாரும் சொல்லும் 'பெர்செபொலிஸ்' இருக்கிறதே, தமிழிலும் வந்திருக்கிறது. தன் வாழ்க்கையையே அதில் வரைந்த மர்ஜான் சத்ரபி 1969-ல் ரஷ்த் நகரில் பிறந்து, டெஹ்ரானில் வளர்ந்து, 1984-ல் பதினான்கு வயதில் வியன்னாவுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய முதல் பாகத்தில் அந்தச் சிறுமிக்கு மிகவும் பிடித்த காமிக்ஸ் எது? இயங்கியல் பொருள்முதல்வாதம் என்ற மார்க்சியத் தத்துவத்தைப் படக்கதையாகச் சொல்லும் புத்தகம். மார்க்ஸும் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்தும் அதில் வாதாடுகிறார்கள். இரண்டு பேரும் ஈரானியர் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் புரட்சிக்கு முந்தைய டெஹ்ரானின் இடதுசாரி வீடு ஒன்று அப்படியே தெரிகிறது. குழந்தைகள் வெளியிலிருந்து வந்ததைத் தங்கள் வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். அதற்கு ஊர் முத்திரை தேவையில்லை.

வடக்குவாசல்:
நேற்று அவரிடம் இந்த வாதத்தைச் சொன்னேன். அவர் சொன்னதைக் கூடியவரை அப்படியே எழுதுகிறேன்.

புத்தகங்கள் அவருடைய பெரியப்பா மகனுடையவை. முதல் பக்கத்தில் அந்த அண்ணனின் பெயர் பள்ளிக்கூடக் கையெழுத்தில் இருக்கிறது. 1988 வசந்தத்தில் ஈராக் டெஹ்ரான் மீது ஏவுகணை வீசியபோது ஏராளமான குடும்பங்கள் நகரத்தைக் காலி செய்துகொண்டு வடக்கே காஸ்பியன் கடலோரம் போயின. இவர்களும் சாலூஸ் மலைப்பாதை வழியே போனார்கள். காரில் இடமில்லை, ஆளுக்கு ஒரு சிறு பை. இவர் பையில் இந்த இரண்டு புத்தகங்கள். அந்த வருட நவ்ரூஸ் புத்தாண்டை உறவினர் வீட்டில் ஒரே அறையில் பத்துப் பேர் படுத்து எழுந்து கழித்திருக்கிறார்கள். இவர் சத்தமாக வாசிக்க, மற்ற பிள்ளைகள் ஹேடாக் திட்டும் இடங்களில் கூடவே கத்துவார்களாம். எழுத்து கூட்டி வாசிக்கப் பழகியதே அந்தப் பேச்சுக் குமிழிகளில்தான் என்றார். "எனக்கு அது பெல்ஜியம் என்று யாரும் சொல்லவில்லை. நிலவு என்று தெரியும், போதும்" என்றார்.

கருங்குருவி:
வடக்குவாசல், படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பெண்மணிக்கு அந்தப் புத்தகம் என்ன என்பது நன்றாகவே புரிகிறது.

ஆனால் பாருங்கள், நீங்கள் சொன்னதில் எல்லாமே புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. அண்ணனின் கையெழுத்து, மலைப்பாதை, ஒற்றை அறை, பிள்ளைகளின் கத்தல். அவர் பையில் ஒரு கம்பளித் தொப்பி இருந்திருந்தால் இன்று அதை எடுத்துக் காட்டியிருப்பார். அப்படியானால் இது காமிக்ஸைப் பற்றிய கதையா, நினைவுப் பொருளைப் பற்றிய கதையா?

பொதிகைச்சாரல்:
தொப்பியை வைத்துப் பத்துப் பிள்ளைகளைச் சேர்ந்து கத்தவைக்க முடியாது. படம் பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை, அதனால் மூன்று வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே பக்கத்தில் குனிய முடியும். நாவலோ பாடப் புத்தகமோ இதைச் செய்யாது. காமிக்ஸாக இருந்ததால்தான் அந்த அறை அப்படி இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் ஏடுதேடி பக்கம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையில் ஒரு கூட்டம் தன் ஊரை விட்டு, மூச்சுவிடக் காற்றில்லாத இடத்துக்குப் போய், திரும்பி வர ஆக்சிஜன் போதுமா என்று தவிக்கிறது. ஏவுகணைக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளைகள் அதைச் சும்மா படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கருங்குருவி:
சரி, அவருக்கு அது ஊர். இதில் இனி நான் வாதாடவில்லை. அவருக்குப் பிள்ளைகள் உண்டா? கனடாவில் பிறந்த பிள்ளை பாரசீகம் வாசிக்காது. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரு ஐரோப்பியப் பையன், ஒரு நாய், ஒரு ராக்கெட். அம்மா பையில் தூக்கி வந்த எதுவும் அதில் தெரியாது. அதே பிள்ளை கையில் மெஸ்காலி வரைந்த மீனைக் கொடுத்தால், ஒரு சொல் தெரியாவிட்டாலும் ஈரானியக் கை ஒன்று வரைந்த கோட்டைப் பார்க்கும். அந்தக் கதையே ஓடையை விட்டுக் கடல் தேடிப் போகும் மீனைப் பற்றியதுதானே. ஊர் என்பது அடுத்த ஆளுக்குக் கைமாற வேண்டும் என்றால் டின்டின் போதாது. இதில் நான் மாறப் போவதில்லை.

வடக்குவாசல்:
மகள் இருக்கிறாள், எட்டு வயது. அவளுக்கு அம்மா அந்த நிலவுக் கதையை அறையின் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறாராம். எந்தப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் அபாய ஒலி வந்தது, எந்தப் பக்கத்தில் பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டார் என்பது வரை. மகள் ஆங்கில டின்டினில் அதே பக்கத்தைத் தேடி எடுத்து, இங்கேதானே பெரியம்மா கூப்பிட்டார் என்று கேட்கிறாளாம். உங்கள் மீன் புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன் கருங்குருவி. டொராண்டோ யாங் தெருவில் பாரசீகப் புத்தகம் விற்கும் கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

ஏடுதேடி:
கிடைத்தால் எந்த வருடப் பதிப்பு என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் வடக்குவாசல். பழைய கானூன் பதிப்பாக இருந்தால் அட்டையை மட்டும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.