நெட்வேர்க் கார்ட் மாற்றிய பின் குரூப் பொலிசி காலையில் இயங்குவதில்லை: சேர்வரில் எங்கிருந்து தேடுவது?

உவர்மலைவாசி எழுதியது:

வணக்கம். திருகோணமலை நகரில் உள்ள ஓர் அலுவலகத்தின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். மொத்தம் 22 கணினிகள். அவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு சேர்வர், விண்டோஸ் சேர்வர் 2019. டொமைன் கொன்ட்ரோலர் (அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் டொமைன் என்ற ஒரே குழுவாக நிர்வகிப்பது), டிஎன்எஸ் (கணினிப் பெயருக்குரிய முகவரியைச் சொல்வது), கோப்புப் பகிர்வு ஆகிய மூன்றும் அந்த ஒரே பெட்டியில்தான் இயங்குகின்றன.

ஐப்பசி மாத இடிமழையில் ஒரு நாள் மாலை மின்னல் தாக்கியதில் சேர்வரின் தாய்ப்பலகையில் இருந்த லேன் போர்ட் பழுதடைந்தது. முற்றாகச் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. விளக்கு எரியும், சிறிது நேரத்தில் அணையும், மறுபடி எரியும். திருத்துபவர் வந்து புதிய நெட்வேர்க் கார்ட் ஒன்றைப் பொருத்தி, பழைய முகவரியான 192.168.10.2 ஐ அதற்கு மாற்றிக் கொடுத்தார். பழைய போர்ட்டிலும் ஒரு கேபிளைச் செருகி, அவசரத்துக்கு உதவும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து காலையில் ஊழியர்கள் லொகின் செய்யும்போது சிலருக்குப் பொது டிரைவ் வருவதில்லை, சிலருக்கு பிரிண்டர் வருவதில்லை. நேற்று ஐந்து பேருக்கு வரவில்லை. இன்று அந்த ஐவருக்கும் வந்து, வேறு நால்வருக்கு வரவில்லை. கணினிகளின் நிகழ்வுப் பதிவில் 1129, 1058 ஆகிய எண்களோடு குரூப் பொலிசி (டிரைவ், பிரிண்டர் போன்ற அமைப்புகளைச் சேர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும் வசதி) பற்றிய பிழைகளும், நெட்லொகன் 5719 பிழையும் இருக்கின்றன. பின்னேரம், பொலிசியை உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் பிழையின்றி முடிகிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: சேர்வரை மறுதொடக்கம் செய்த பின் அதன் நெட்வேர்க், டொமைன் நெட்வேர்க் என்று காட்டாமல் பொது நெட்வேர்க் என்று காட்டுகிறது. புதிய கார்டை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கினால் சரியாகிவிடுகிறது.

பொலிசிகளில் நான் எதையும் மாற்றவில்லை. கணக்குப் பிரிவினர் மாத இறுதி வேலையில் இருப்பதால் நாள்தோறும் காலையில் மேசை மேசையாகச் சென்று கையால் டிரைவ் இணைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிழை பொலிசியிலா, கார்டிலா என்றே எனக்குப் பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மூதூர்க்கரை எழுதியது:

எங்கள் இடத்திலும் இப்படி ஒரு சிக்கல் வந்தது. எல்லாக் கணினிகளையும் டொமைனிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தோம், சரியாகிவிட்டது. சேர்வரின் ஃபயர்வோலையும் நிறுத்திப் பாருங்கள்.

கன்னியா எழுதியது:

மூதூர்க்கரை நண்பரை மறுப்பதற்கு மன்னிக்கவும். தம்பி, அந்த இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். ஒரு கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்திருந்தால்தான் நீக்கிச் சேர்ப்பதில் பயனுண்டு. அது முறிந்திருந்தால் பின்னேரத்தில் ஜிபிஅப்டேட் பிழையின்றி முடியாது. ஃபயர்வோலை நிறுத்தினால் குறி மறையும், நோய் அப்படியே இருக்கும்.

நீங்கள் தந்த பிழை எண்களே பாதி வழியைக் காட்டுகின்றன. 1129 என்றால் பொலிசியைச் செயற்படுத்த முயன்ற வேளையில் டொமைன் கொன்ட்ரோலரை நெட்வேர்க்கில் அடைய முடியவில்லை என்று பொருள். 5719 என்பதும், பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த டொமைன் கொன்ட்ரோலர் கிடைக்கவில்லை என்று நெட்லொகன் சேவை சொல்வதுதான். 1058 என்பது சிஸ்வொல் பகிர்வில் (சேர்வரில் பொலிசிக் கோப்புகள் இருக்கும் பகிர்வு) இருக்கும் ஜிபிடி.ஐஎன்ஐ என்ற சிறு கோப்பைப் படிக்க முடியவில்லை என்பதாகும். மூன்றிலும் பொலிசியின் உள்ளடக்கம் பிழை என்று ஒரு சொல்கூட இல்லை. கணினிகள் சேர்வரின் வாசலுக்கே வந்து சேரவில்லை என்பதைத்தான் மூன்றும் சொல்கின்றன.

என்னுடைய சந்தேகம் முழுவதும் அந்த "அவசரத்துக்கு உதவும்" கேபிள் மீதுதான். பழைய போர்ட் தன் நிலையான முகவரியை இழந்திருப்பதால், அது உங்கள் ரவுட்டரிடமிருந்து டிஎச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை) மூலம் வேறொரு முகவரியைப் பெற்றிருக்க வேண்டும். விண்டோஸ் தன் ஒவ்வொரு கார்டின் முகவரியையும் டிஎன்எஸ்ஸில் தானே பதிந்துகொள்ளும். ஆகவே சேர்வரின் பெயருக்கும், அதைவிட முக்கியமாக டொமைனின் பெயருக்கும், இப்போது இரண்டு முகவரிகள் இருக்கக்கூடும். சிஸ்வொல் பகிர்வைக் கணினிகள் டொமைன் பெயரைக் கொண்டுதான் தேடிச் செல்கின்றன. டிஎன்எஸ் சேவை இரண்டு முகவரிகளையும் மாற்றி மாற்றி முன்வைக்கும். நல்ல கார்டின் முகவரி முதலில் கிடைத்தவருக்கு டிரைவ் வரும், மின்னலில் அடிபட்ட போர்ட்டின் முகவரி கிடைத்தவருக்கு வராது. நேற்று ஐவர், இன்று வேறு நால்வர் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சேர்வரில் ஐபிகொன்ஃபிக் கட்டளையை முழு விவரத்தோடு கொடுத்து, எத்தனை கார்டுகள் முகவரியோடு இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் டிஎன்எஸ் முகவரியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு டிஎன்எஸ் மேலாளரைத் திறந்து, உங்கள் டொமைனின் வலயத்தில் மூலக் கோப்புறையின் அதே பெயர் என்று குறிக்கப்பட்ட ஏ பதிவுகள் (பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் பதிவுகள்) எத்தனை என்று எண்ணுங்கள். ஒரே ஒரு சேர்வர் உள்ள இடத்தில் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

டிஎன்எஸ் பற்றி இன்னொரு செய்தி, இது நம் பக்கத்தில் நான் மிகுதியாகக் காணும் பிழை. திருத்துபவர்கள் இன்டர்நெட் தடைப்படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக ரவுட்டரின் முகவரியைப் போட்டுவிடுவார்கள். முதலாவது பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் ஏறக்குறைய ஒரு வினாடியில் இரண்டாவதிடம் கேட்கும். ரவுட்டருக்கு உங்கள் டொமைனைத் தெரியாது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் தரும். விண்டோஸ் அதை முடிந்த பதிலாக ஏற்றுக்கொள்ளும், முதலாவதிடம் திரும்பிச் சென்று கேட்காது. அதனால் சேர்வரிலும் சரி, டிஎச்சிபி மூலம் முகவரி பெறும் 22 கணினிகளிலும் சரி, டிஎன்எஸ்ஸாகச் சேர்வரின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். வெளியுலகப் பெயர்களுக்கு டிஎன்எஸ் சேவைக்குள்ளேயே, தனக்குத் தெரியாத கேள்விகளை வெளி டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும் ஃபோர்வேர்டர் அமைத்துக்கொள்ளலாம்.

தம்பலகாமம் எழுதியது:

கன்னியா அண்ணா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. பௌதிகப் பக்கத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் மின்னல் ஒரு போர்ட்டை மட்டும் அடித்துவிட்டு ஓய்வது அரிது.

புதிய கார்டின் இணைப்பு வேகம் எவ்வளவு காட்டுகிறது? 1 கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடியே போதும். ஆகவே கிகாபிட் கார்டும் கிகாபிட் சுவிட்சும் இருந்தும் 100 என்று காட்டினால், ஏதோ ஒரு கம்பி தொடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். போன வருடம் கடற்கரையோரக் கட்டடம் ஒன்றில் இதே குறையைத் தேடி அரை நாளைச் செலவழித்தேன். இறுதியில் சுவிட்ச் பக்கத்து ஆர்ஜே45 தலையை வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எட்டுப் பொன்னிறத் தகடுகளில் இரண்டின் மேல் பச்சை பூத்திருந்தது. உறையை இரண்டு அங்குலம் உரித்தேன். நீலச் சோடியின் செம்பு அங்கேயும் கறுத்திருந்தது. உப்புக் காற்று கம்பிக்குள் அவ்வளவு தூரம் போயிருந்தது. ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தலை போட்ட அந்த நிமிடமே 1 கிகாபிட் காட்டியது.

அடுத்தது, கட்டடத்துக்குக் கட்டடம் வெளியால் இழுத்த செம்புக் கேபிள் ஏதும் இருக்கிறதா? மின்னல் நேரடியாக விழவே தேவையில்லை, அருகில் விழுந்தாலே அப்படிப்பட்ட கேபிளில் பாய்ச்சல் ஏற்பட்டு இரண்டு முனைகளிலும் உள்ள போர்ட்டுகளைக் கொல்லும். அந்த இடத்துக்கு ஒளியிழைக் கேபிள்தான் சரியான தீர்வு. அதில் மின்சாரம் பாயாது. செலவு கூடுதல்தான், ஆனால் ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒரு போர்ட்டை இழப்பதைவிட அது மேல்.

புதிய கார்டின் பண்புகளில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற தெரிவு குறியிடப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். சேர்வருக்கு அது பொருந்தாது. உங்கள் சுவிட்ச் மேலாண்மை வசதி உள்ளதா என்பதையும் பாருங்கள். ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் சுற்றுவட்டமாக இணைந்துவிடாமல் சுவிட்ச் பார்த்துக்கொள்ளும் முறை) இயங்கும் போர்ட்டில் விளக்கு எரிந்த பிறகும் தரவு போகத் தொடங்க ஏறக்குறைய 30 வினாடி ஆகும். எஸ்எஸ்டி பூட்டிய கணினி அதற்குள் லொகின் திரைக்கே வந்துவிடும். கணினிகள் செருகியுள்ள போர்ட்டுகளுக்குப் போர்ட்ஃபாஸ்ட் கொடுத்தால் அந்தத் தாமதம் போய்விடும்.

உவர்மலைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று அலுவலகம் மூடிய பின் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணா சொன்னது அப்படியே இருந்தது: பழைய போர்ட் 192.168.10.57 என்ற முகவரியோடு இருந்தது, டொமைன் பெயருக்கு 2, 57 ஆகிய இரண்டும் பதிவாகியிருந்தன, புதிய கார்டில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக ரவுட்டர் இருந்தது. ரவுட்டர் கணினிகளுக்கு வழங்கும் டிஎச்சிபி அமைப்பிலும் தன் முகவரியை இரண்டாவதாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கேபிளைக் கழற்றினேன். பழைய போர்ட்டை பயோஸில் நிறுத்தினேன். பிறகு டிவைஸ் மனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதன் எச்சத்தையும் நீக்கினேன். 57 என்று முடியும் பதிவுகளை டிஎன்எஸ்ஸிலிருந்து அழித்து, டிஎன்எஸ் முகவரிகளைத் திருத்தி, நெட்லொகன் சேவையை மறுபடி தொடக்கினேன். இன்று காலை 22 பேரில் 19 பேருக்கு டிரைவும் பிரிண்டரும் லொகின் செய்தவுடனேயே வந்தன. மூன்று பேருக்கு வரவில்லை. சேர்வரை மறுதொடக்கம் செய்தால் பொது நெட்வேர்க் என்று காட்டுவது மட்டும் இன்னும் மாறவில்லை. வேகம் 1 கிகாபிட் காட்டுகிறது.

கன்னியா எழுதியது:

மகிழ்ச்சி, தம்பி. மீதி இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

பொது நெட்வேர்க் என்று காட்டுவது தொடக்க வரிசையால் வருவது. நெட்வேர்க் எந்த வகை என்று தீர்மானிப்பது நெட்வேர்க் லொகேஷன் அவெயர்னஸ் என்ற சேவை. அது எழுந்து, டொமைன் கொன்ட்ரோலர் எங்கே என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. ஆனால் உங்கள் இடத்தில் டிஎன்எஸ்ஸும் டொமைன் கொன்ட்ரோலரும் அதே பெட்டிதான். அவை இன்னும் எழவில்லை. பதில் வராததால் பொது என்று முடிவு கட்டிவிடுகிறது, டொமைனுக்கென்று மட்டும் எழுதிய ஃபயர்வோல் விதிகள் அதனால் இயங்காமல் போகின்றன. கார்டை நிறுத்தி இயக்கும்போது அது மறுபடி கேட்பதால்தான் சரியாகிறது. இரண்டு டொமைன் கொன்ட்ரோலர்கள் உள்ள இடங்களில் இது குறைவு, மற்றது பதில் சொல்லிவிடும்.

இதற்கு அந்தச் சேவையின் சார்புப் பட்டியலில் டிஎன்எஸ் சேவையையும் சேர்த்துவிட்டால், டிஎன்எஸ் எழும் வரை அது காத்திருக்கும். எஸ்சி கொன்ஃபிக் கட்டளையால் செய்யலாம், ஆனால் கவனம்: அந்தக் கட்டளை பட்டியலில் சேர்ப்பதில்லை, பட்டியலையே மாற்றி எழுதுகிறது. முதலில் எஸ்சி கியூசி கட்டளையால் இப்போதுள்ள சார்புகளை எடுத்துக் குறித்துவைத்து, அவை அனைத்தையும் எழுதி, இறுதியில் டிஎன்எஸ்ஸைச் சேருங்கள்.

அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு கேள்வி: இரவில் சேர்வரையும் அணைக்கிறீர்களா? காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒன்றாக எழுந்தால், கணினி அரை நிமிடத்தில் எழும், சேர்வருக்குப் பல நிமிடங்கள் வேண்டும். முந்தி வந்து உட்காருபவருக்குத்தான் 1129 வரும். பின்னணியில் பொலிசி 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாகத் தள்ளிப் புதுப்பிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் மென்பொருள் நிறுவல், கோப்புறைத் திசைமாற்றம் போன்றவை தொடக்கத்திலோ லொகின் வேளையிலோதான் நடக்கும். சேர்வரை இரவிலும் இயங்க விடுங்கள். கணினிகளுக்கு, தொடக்கத்திலும் லொகினிலும் எப்போதும் நெட்வேர்க்குக்காகக் காத்திரு என்ற பொலிசியையும் இயக்கிவிடுங்கள்.

மூதூர்க்கரை எழுதியது:

கன்னியா ஐயா விளக்கியதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் இடத்திலும் நீக்கிச் சேர்த்த பிறகு ஒரு மாதத்தில் அதே பிழை திரும்பி வந்தது, காரணம் இப்போதுதான் புரிகிறது. ஒன்றைச் சேர்க்கிறேன்: அந்த மூன்று கணினிகளின் நேர வலயத்தையும் பாருங்கள். டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் முறை 5 நிமிடத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தை ஏற்காது. எங்களிடம் ஒரு கணினியில் மணி சரியாகத் தெரிந்தது, வலயம் மட்டும் வேறு நாட்டுக்குரியதாக இருந்தது. உள்ளே கணக்கிடுவது உலக நேரத்தில் என்பதால், பார்வைக்குச் சரியாக இருந்தும் மணிக்கணக்கில் பிசகியிருந்தது.

உவர்மலைவாசி எழுதியது:

அந்த மூன்று கணினிகளுக்கும் விடை கிடைத்தது போலத்தான். இரண்டு கணினிகள் காவலாளி மெயின் சுவிட்சைப் போட்டவுடன் தாமே எழும்படி பயோஸில் அமைக்கப்பட்டிருந்தன. சேர்வரை இனி இரவில் அணைப்பதில்லை என்று பொறுப்பாளரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன், யுபிஎஸ்ஸுக்குப் புது பட்டரியும் கேட்டிருக்கிறேன். சார்புப் பட்டியலை மாற்றிய பின் மூன்று முறை மறுதொடக்கம் செய்தேன், மூன்று முறையும் டொமைன் நெட்வேர்க் என்றே காட்டியது.

மூன்றாவது கணினி களஞ்சிய அறையில் இருப்பது. நேரம், வலயம் இரண்டும் சரி. ஆனால் அதன் வேகம் 100 என்று காட்டுகிறது, அங்கே போகும் கேபிள் முற்றத்துக்கு மேலால் வெளியில் தொங்குகிறது. தலையை வெட்டிப் பார்த்தேன், தம்பலகாமம் நண்பர் சொன்ன அதே பச்சை. ஒரு முழம் வெட்டியும் செம்பு கறுப்பாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேபிளை முழுவதும் எடுத்துவிட்டு ஒளியிழை இழுக்கவிருக்கிறோம்.