மக்கானா ஏன் பொரியவில்லை?

நம் ஊர்க் கடைகளில் 'தாமரை விதை' என்று விற்கும் மக்கானா தாமரையே இல்லை. பீகாரின் தர்பங்கா, மதுபனி, பூர்ணியா பக்கத்துக் குளங்களில் விளையும் அல்லிக் குடும்பத்து முள்செடி அது. புதுக் குளத்துக்கு எக்டேருக்கு 80 கிலோ விதை. பழைய குளமென்றால் சேற்றில் தங்கிய விதையே முளைத்துவிடும். கலைத்து விடுவதுதான் வேலை. ஒரு இலையே ஒரு மீட்டருக்கு மேல் விரியும் என்பதால், செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி விடாவிட்டால் காய் பிடிக்காது. புல்கெண்டை மட்டும் குளத்தில் விடாதீர்கள், செடியையே தின்றுவிடும்.

★

குளத்தில் இல்லாமல் வயலில் வளர்த்தால் ஓரடித் தண்ணீரே போதும். டிசம்பரில் 500 சதுர மீட்டர் நாற்றங்காலில் 20 கிலோ விதைத்தால் ஒரு எக்டேருக்குக் காணும். நடவு பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் பாதிக்குள், 1.20 × 1.25 மீட்டரில். குருத்து சேற்றில் புதைந்தால் அழுகும். நாற்றில் அசுவினி கண்டால் 0.3 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசல். அறுவடையில்தான் வயலின் அருமை தெரியும். வெடித்த காயின் விதை இரண்டு மூன்று நாள் மிதந்து அடியில் இறங்கிவிடும். குளத்தில் மல்லா என்ற மீனவச் சமூகத்தினர் மூழ்கி மூழ்கி, சேற்றோடு கூட்டி அள்ளி, மூங்கில் கூடையில் அலசி எடுக்க வேண்டும். ஓரடித் தண்ணீர் வயலில் அந்த மூழ்கல் இல்லை.

★

பொரியாததற்குக் காரணம் பெரும்பாலும் ஈரப்பதம். வெயிலில் காய்ந்த விதையிலும் 31 சதவீதம் இருக்கும், அதை முதல் வறுவலில் குறைக்க வேண்டும். அளவுவாரியாகச் சலித்துவிட்டு (பொடி விதை கலந்தால் அது முதலில் கருகும்) 250–300 டிகிரி சட்டியில் ஐந்தாறு நிமிடம் கிளற வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் மூடி ஆறவிட வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: அந்த நாட்களில்தான் பருப்பு ஓட்டைவிட்டு விலகுகிறது. இரண்டாம் வறுவல் 290–340 டிகிரியில், ஒரே அடுக்காக, சுமார் இரண்டு நிமிடம். படபடவென்று வெடிச்சத்தம் கேட்டதும் ஐந்தாறு விதையைக் கையால் அள்ளிக் கட்டையில் வைத்து மரச்சுத்தியால் ஒரே அடி. சூடு இறங்கினால் பருப்பு விரியாமல் நசுங்கிப்போகும்.

★

100 கிலோ விதைக்கு 35–40 கிலோ பொரி தேறும். நன்கு மலர்ந்தது 'லாவா', பாதி விரிந்தது 'துர்ரி'. இரண்டின் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மூங்கில் கூடையில் போட்டு உரசினால் ஒட்டிய செந்தோல் போய் வெளுக்கும். சாக்குக்குள் பாலித்தீன் உறை கட்டாயம். மழைக்காலத்தில் ஒரே இரவில் நமத்துவிடும்.