ஆறாப்பு வந்தா பசிக்காதா? பள்ளிக் காலைச் சாப்பாடு, நம்ம அனுபவங்கள்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில பதினோரு வருஷமா டீச்சரா இருக்கேன். எங்க ஊர்ல முக்கால்வாசி வீட்டு அம்மாமார் விடியுறதுக்கு முன்னாடியே மல்லிகைத் தோட்டத்துக்குப் போயிருவாங்க. வெயில் ஏறி மொட்டு விரிஞ்சா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுல விலை போகாது. எடுக்குற பூவுக்குக் கிலோக் கணக்குலதான் கூலி. அடுப்புப் பத்தவைக்க நேரம் ஏது? முந்தின நாள் சோறு மிஞ்சியிருந்தா பிள்ளைக்கு அது. இல்லாட்டி டீயும் வர்க்கியும்.

எனக்கு இது லேட்டாத்தான் உறைச்சது. பிரேயர் முடிஞ்சதும் "வயித்த வலிக்குது டீச்சர்"னு வந்த பிள்ளைகளை, கணக்குப் பாடத்துக்குப் பயந்து சாக்குச் சொல்லுதுகன்னு திட்டியிருக்கேன். பூச்சி மாத்திரை கொடுங்கன்னு வீட்டுக்குச் சொல்லி விட்டிருக்கேன். சாப்பிட்டியான்னு கேட்டா எந்தப் பிள்ளையும் இல்லைங்காது. என்ன சாப்பிட்டேன்னு கேக்கணும், அப்பத்தான் முழிக்கும்.

2023 ஆகஸ்ட் 25-ல காலை உணவுத் திட்டத்தை அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் விரிவாக்கினப்ப எங்களுக்கும் வந்துச்சு. மகளிர் குழு அக்காமார் பள்ளியிலயே சமைக்கிறாங்க. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். உப்புமாதானேன்னு சிரிக்கிறவங்க ஒருநாள் எட்டேகாலுக்கு எங்க வரிசையை வந்து பாருங்க. கொஞ்ச நாள்லயே வயித்துவலிக் கூட்டம் கரைஞ்சிருச்சு.

அடுத்த ஜூன்ல நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். அக்காவும் தம்பியுமா தினமும் வருவாங்க. அக்கா ஆறாப்புக்குப் போயிட்டா. திட்டம் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்தான். அதே பள்ளிக்கூடம், அதே வராண்டா. பழக்க தோஷத்துல வரிசையில வந்து நின்னவளுக்குத் தட்டை நீட்டுற நேரத்துலதான் ஞாபகம் வந்துச்சு. தட்டை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, "தம்பிக்கு இடம் பிடிச்சேன் டீச்சர்"ங்கிறா. தம்பி அந்தப் பக்கம் பாதிச் சாப்பாட்டுல இருக்கான்.

மதியச் சத்துணவு அவளுக்கும் உண்டு, முட்டையோட. ஆனா அதுவரைக்கும் நாலு பீரியட் தாண்டணுமே.

சமையல் அக்கா ஒண்ணும் பேசல. சட்டியில அடிப்பிடிச்சிருந்ததைச் சுரண்டி அவ தட்டுல வச்சிட்டு என்னைப் பார்த்து, "தீஞ்சது கணக்குல வராதுல்ல டீச்சர்?"னாங்க. அன்னையிலேர்ந்து எங்க உப்புமா தினமும் கொஞ்சம் அடிப்பிடிக்குது. நான் அந்தப் பக்கம் பார்க்குறதில்ல.

* * *

டீச்சர், நீங்க எழுதினதைப் படிச்சேன். நான் மதுரை டவுனுக்குள்ள மாநகராட்சிப் பள்ளில வேலை பார்க்குறேன். 2022 செப்டம்பர் 15-ல முதல்வர் ஸ்டாலின் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில திட்டத்தைத் தொடங்கி வச்சு, பிள்ளைகளோட உட்கார்ந்து சாப்பிட்டாரே, அந்தச் சமயத்துலேர்ந்தே எங்களுக்கு வருது. ஆனா வெளிய சமைச்சு வேன்ல வந்து இறங்குறது. சுரண்டுறதுக்குச் சட்டி கிடையாது. வராத பிள்ளையோட பங்குதான் எங்க அடிச்சட்டி. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம்னா திங்கக்கிழமை பாதி வகுப்பு வராது. தங்கச்சியக் கொண்டுவிட வர்ற அண்ணன்மாருக்கு அது நல்லாத் தெரியும். அன்னைக்கு மட்டும் கேட்டை விட்டு நகர மாட்டானுக.

* * *

நான் மேலூர்க்காரன், இப்ப வயசு அம்பதைத் தாண்டிருச்சு. 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினப்ப எனக்குப் பதினொண்ணு. திட்டமோ ஒம்பது வயசு வரைக்கும்தான். தங்கச்சிக்கு ஏழு. அவளுக்குச் சோறு உண்டு, எனக்குக் கிடையாது. மத்தியானம் மணி அடிச்சதும் "ஒன் தட்டை நான் கழுவித் தர்றேன்"னு அவகிட்ட போய் நிப்பேன். ரெண்டு மூணு நாள் சும்மா கொடுத்தா. அப்புறம் அவளுக்குப் புரிஞ்சிருச்சு போல, அந்த அலுமினியத் தட்டுல ஒரு கை சோத்தை ஒதுக்கி, மேல சாம்பாரையும் ஊத்திக் கொண்டாந்து நீட்டுவா. வாயத் திறந்து நானும் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல.

1984 செப்டம்பர்ல பத்துலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும் உண்டுன்னு மாத்தினாங்க. மறுநாளே நானும் தட்டோட வரிசையில நின்னேன். தங்கச்சி அன்னைக்கும் ஒரு கை சோறு ஒதுக்கி வச்சிருந்தா.