ரைஸ்பால் உண்மையிலேயே மேலே எழுகிறதா?

கேள்வி:
2025 மகளிர் கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) உலகத் தொடரைப் பார்த்ததிலிருந்து ஒரு சந்தேகம். டெக்சாஸ் டெக் அணியின் பந்துவீச்சாளர் நைஜாரி கனாடி வீசும் ரைஸ்பால் (மேலெழுவது போல உயரமாக வரும் பந்து), மட்டையை நெருங்கும்போது துள்ளி எழுவது போலத் தெரிகிறதே. அது சாத்தியமா?

பதில் 1:
துள்ளாது. இடுப்பருகே கையை விட்டுப் போவதால் பந்து தொடக்கத்திலேயே மேல்நோக்கித்தான் கிளம்புகிறது. பின்சுழற்சியால் (பந்து பின்னோக்கிச் சுழல்வதால்) வழக்கமான அளவுக்குத் தாழ்வதில்லை. மட்டையாளர் எதிர்பார்த்ததைவிட உயரத்தில் வந்து சேர்கிறது. வீசும் இடத்துக்கும் மட்டையாளருக்கும் இடையே தூரமோ 43 அடி. மணிக்கு 70 மைல் வேகத்தில் அரை வினாடிகூடக் கிடைக்காது. கண் ஏமாறாமல் என்ன செய்யும்?

பதில் 2:
நான் பள்ளிச் சிறுமிகளுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களில் பலர் வீசுவது ரைஸ்பாலே அல்ல, தோட்டாவைப் போலச் சுழலும் பந்து. உயரமாக வீசிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்! பந்தைச் சுற்றி வண்ணப் பட்டை ஒட்டி, அதை நெடுக்காகப் பிடித்து வீசச் சொல்லுங்கள். பட்டை கலங்காமல் நேர்க்கோடாகத் தெரிந்தால்தான் அது ரைஸ்பால் என்று ஒப்புக்கொள்வேன்.

பதில் 3:
வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரின் இறுதிச்சுற்றில், டெக்சாஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கனாடியைக் கவிழ்த்தது ரைஸ்பால் அல்ல. மட்டையாளரை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே நடை கொடுக்க, அதாவது முதல் தளத்துக்குச் சும்மா அனுப்ப, வீசிய பந்து போதிய அளவு விலகவில்லை. டெக்சாஸின் ரீஸ் அட்வுட் எட்டி அடித்துவிட்டார். டெக்சாஸ் 2-1 என வென்றது.