லண்டன் மியூசியம் எல்லாம் ரெண்டு நாள்ல, கையில 40 பவுண்டு. நடக்குமா?

லெஸ்டர்_மதுரக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். லெஸ்டர்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், வந்து அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் லண்டனை ஏர்போர்ட் தாண்டி பாக்கல. இன்னும் 17 நாள் கழிச்சு ஒரு வெள்ளி, சனி ரெண்டு நாளும் நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் வரலாம்னு இருக்கோம். கோச் டிக்கெட் போட்டாச்சு, காலைல விக்டோரியால இறங்குவோம், ராத்திரி தங்க சொந்தக்காரங்க வீடு இருக்கு. சாப்பாடு, லோக்கல் பஸ் எல்லாத்துக்கும் சேத்து ஆளுக்கு 40 பவுண்டு தான். மியூசியம் ஃப்ரீனு சொல்றாங்க, ஆனா வெப்சைட்ல 20 பவுண்டுக்கு மேலயும் டிக்கெட் போட்டிருக்கு, எது உண்மை? பிரிட்டிஷ் மியூசியம், சயின்ஸ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி, வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்), நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் ஆறையும் முடிக்கணும். ஸ்டூடண்ட் ஐடி காட்டினா ஏதாவது குறையுமா? கூட வர்ற ஒருத்தன் காஞ்சிபுரம், தறிக்கார வீட்டுப் பையன், அவனுக்கு பழைய துணி எங்கயாவது பாக்கணுமாம்.

வடைபோச்சே:

ஆறா? தம்பி, இது நவகிரகக் கோயில் டூர் இல்ல. பிரிட்டிஷ் மியூசியம் ஒண்ணுக்கே நாள் பத்தாது.

ரெண்டுமே உண்மைதான். நீங்க சொன்ன ஆறுலயும் நிரந்தரமா வெச்சிருக்கறதைப் பாக்க காசு கிடையாது, 2001 டிசம்பர்ல இருந்து இங்க நேஷனல் மியூசியம் எல்லாம் அப்படித்தான். ஸ்பெஷல் எக்ஸிபிஷனுக்கு மட்டும் தான் அந்த 20, 25. முதல் தடவை அதைத் தொடவே வேணாம். அப்படியும் ஒண்ணு பாக்கணும்னா டேட் கலெக்டிவ்ல சேந்துக்குங்க, 16 வயசுல இருந்து 25 வரைக்கும் யாரும் சும்மா சேரலாம், டேட்ல எக்ஸிபிஷன் 5 பவுண்டு தான்.

ஆனா ஒண்ணு, வாசல்ல டொனேஷன் கேப்பாங்க. நான் வந்த புதுசுல ஒரு இடத்துல கவுண்டர் மாதிரி வெச்சு ஒருத்தர் சிரிச்சுட்டே நின்னாரு, டிக்கெட் தான் போலன்னு நெனச்சு மூணு பேருக்கு 15 பவுண்டு குடுத்துட்டு வந்தேன், அன்னைக்கு மதியம் சாப்பாடு பிஸ்கட். "நோ, தேங்க்யூ"னு சொல்லிட்டு நேரா நடங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.

ஈஸ்ட்ஹாம் அன்ரி:

தம்பி, வெள்ளிக்கிழமை வாறது நல்ல விசயம். வெள்ளியில பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரை மட்டும் திறந்திருக்கும், மற்ற நாளில அஞ்சு மணிக்கே பூட்டிப்போடுவினம். அதால காலமை அங்க போகாதேங்கோ. விக்டோரியாவில இருந்து சவுத் கென்சிங்டன் ரெண்டு ஸ்டேஷன் தான், நடந்தாலும் போகலாம். முதல்ல நேச்சுரல் ஹிஸ்டரி, பத்து மணிக்குத் திறக்கேக்கையே நில்லுங்கோ, ஸ்கூல் பிள்ளையள் வந்தா பிறகு கால் வைக்க ஏலாது. சும்மா தாற டைம் டிக்கெட்டை நெட்டில முதலே எடுத்து வையுங்கோ. உள்ளுக்க போனவுடன தலைக்கு மேல 25 மீற்றர் நீலத் திமிங்கில எலும்புக்கூடு தொங்குது, அதைப் பாத்திட்டு ரோட்டைக் கடந்தா வி அண்ட் ஏ. அங்க திப்பு சுல்தான்ர மரப்புலியை விடாதேங்கோ, வெள்ளைக்காரனைக் கடிச்சுக்கொண்டு நிக்கும், வயித்துக்குள்ள ஓர்கன் இருக்கு. 1799 இல ஸ்ரீரங்கப்பட்டணம் விழேக்க தூக்கிக்கொண்டு வந்தது. பின்னேரம் 14ஆம் நம்பர் பஸ் எடுத்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோட் பக்கம் இறங்கினா பிரிட்டிஷ் மியூசியம் கிட்ட.

பஸ் மலிவு தான், ஏறேக்க பாங்க் காட்டைத் தட்டோணும், முதல் தட்டினதில இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள எத்தினை பஸ் மாறினாலும் திரும்பக் காசு எடுக்காது. காசுத்தாள் வாங்க மாட்டினம். மூண்டு பேரும் மூண்டு காட் வைச்சிருங்கோ, ஒருக்கா காட், ஒருக்கா போன் எண்டு மாத்தித் தட்டினா ரெண்டு ஆள் எண்டு கணக்கு வந்திடும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாங்கோ, கஃபேயில ஒரு சாண்ட்விச் விலையைக் கேட்டா வயிறு தானா நிரம்பும். கேலரிக்குள்ள சாப்பிட விடமாட்டினம், ரசல் ஸ்குவேர் பார்க் இருக்கு.

நூலகப்பூனை:

அன்ரி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், சக்கரம் வெச்ச பெட்டி கொண்டு வராதீங்க. பிரிட்டிஷ் மியூசியத்துல உள்ளயே விட மாட்டாங்க, அப்புறம் பெட்டி வைக்க ஸ்டேஷனுக்கு ஓடணும், உங்க ஒரு நாள் சாப்பாட்டு காசு அதுக்கே போயிடும். பேக்பேக் போதும்.

உள்ள போனா ரோசட்டா கல்லு முன்னாடி கூட்டம் நெரியும், தலை தான் தெரியும். நேரா 33ஏ ரூமுக்கு போங்க, அமராவதி சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரை ஸ்தூபத்துல இருந்து 1845ல வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினது, 1859ல அங்க இருந்து லண்டனுக்கு கப்பல் ஏறிடுச்சு. மிச்சத்துல நிறைய எழும்பூர் மியூசியத்துலயே இருக்கு. நான் எழும்பூர் ஸ்டேஷன்ல எத்தனை தடவை ட்ரெயினுக்கு காத்திருக்கேன், ஒரு நாள் கூட உள்ள போனதில்ல, இங்க வந்து ரெண்டு மணி நேரம் நின்னு பாத்தேன். வெக்கமா தான் இருந்துச்சு.

வடைபோச்சே:

திருடிட்டு வந்ததை ஃப்ரீயா காட்டறாங்கன்னு சந்தோஷப்படணுமா?

நூலகப்பூனை:

கோவம் நியாயம் தான், ஆனா பையன் கேட்டது பட்ஜெட். அந்த சண்டைக்கு தனியா ஒரு த்ரெட் போடுங்க, நானும் வர்றேன்.

அந்த காஞ்சிபுரம் பையனுக்கு சொல்றேன். சனிக்கிழமை ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் போங்க, 2025 மே கடைசில திறந்தது, இதுவும் ஃப்ரீ. மியூசியத்தோட குடோனையே ஜனங்களுக்கு திறந்து விட்டிருக்காங்க. ஆன்லைன்ல தேடி அஞ்சு பொருள் வரைக்கும் ஆர்டர் போட்டா நீங்க வர்ற நேரத்துக்கு எடுத்து வெச்சு பக்கத்துலயே காட்டுவாங்க. சோழமண்டலக் கரையில எழுதி சாயம் போட்ட பழைய துணி எல்லாம் இவங்க கிட்ட இருக்கு. எல்லாத்தையும் எடுத்துத் தர மாட்டாங்க, தேடிப் பாக்கணும். ரெண்டு வாரம் முன்னாடியே புக் பண்ணணும், அது தான் விஷயம். முடிச்சுட்டு அப்படியே பஸ்ல ஈஸ்ட் ஹாம் போனா நம்மூர் சாப்பாடு.

லெஸ்டர்_மதுரக்காரன்:

ரொம்ப நன்றி அன்ரி, நன்றி பூனை. சயின்ஸ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மூணையும் அடுத்த தடவைக்கு தள்ளியாச்சு. வெள்ளிக்கு புளியோதரை, சனிக்கு ஈஸ்ட் ஹாம் பரோட்டா. காஞ்சிபுரத்தான் கிட்ட ஸ்டோர்ஹவுஸ் பத்தி சொன்னதும் லேப்டாப்பை பிடுங்கிட்டு போயிட்டான், ஒரு மணி நேரமா சல்லடை போட்டு தேடறான், ஏற்கனவே ஒன்பது துணி எடுத்து வெச்சிருக்கான். அஞ்சு தான்டான்னா உங்க ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனியா போடலாமான்னு கேக்கறான். போடலாமா?

நூலகப்பூனை:

முதல்ல அந்த அஞ்சை இன்னைக்கு ராத்திரிக்குள்ள போடச் சொல்லுங்க, சனிக்கு ரெண்டு வாரம் முன்னாடிங்கற கெடுவுக்கு இன்னும் நாலு நாள் தான் இருக்கு.