டெக்மோ சூப்பர் பௌல்: போ ஜாக்சனுக்குத் தடை போடலாமா?

எட்டுபிட்:
நண்பர்கள் சிலர் சேர்ந்து டெக்மோ சூப்பர் பௌலில் ஒரு லீக் தொடங்குகிறோம். 1991-இல் நிண்டெண்டோவுக்கு வந்த அமெரிக்கன் ஃபுட்பால் கேம். எமுலேட்டரில் (பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்), ஆன்லைனில், ஆளுக்கு ஆள் மோதல். விதி எழுத உட்கார்ந்தவுடனே சண்டை. லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸை யாரும் எடுக்கக் கூடாது என்கிறேன் நான். எல்லாம் ஒரே ஆளால், அந்த அணியின் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) போ ஜாக்சன். பந்து அவர் கைக்குப் போய், வளைந்து வளைந்து ஓட ஆரம்பித்தால் பதினொரு பேரும் பின்னால் ஊர்வலம் போக வேண்டியதுதான். இதில் எதிராளியின் திறமைக்கு என்ன வேலை?

ரெய்டர்ஸ்வெறியன்:
தடையா? அப்புறம் எதற்கு இந்த கேம்? பேசாமல் செஸ் ஆடலாமே.

ஒவ்வோர் அணிக்கும் எட்டு பிளே, அதாவது ஆட்டத் திட்டம். நான்கு ரன் (பந்தோடு ஓடுவது), நான்கு பாஸ் (பந்தை எறிவது). டிஃபென்ஸ் (தடுக்கும் பக்கம்) ஆடுபவரும் அதே எட்டில் ஒன்றை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால் பந்து வைத்திருப்பவருக்கு அரணாக நிற்கும் வரிசை அங்கேயே சரிந்துவிடும். ஜாக்சன் நிமிர்வதற்குள் நாலு பேர் மேலே விழுவார்கள். ரெய்டர்ஸ் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜே ஷ்ரோடரை நம்பி யாரும் பந்தை எறியப் போவதில்லை. ஆக, ஓடத்தான் போகிறார்கள் என்று முன்பே தெரியும். நான்கில் ஒன்றை ஊகிக்கத் தெரியாதவர்தான் தடை கேட்பார்.

எட்டுபிட்:
நான்கில் ஒன்று சரி. மற்ற மூன்று தடவை? ஒவ்வொன்றும் டச்டவுன், பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுவார். சாதாரண ரன்னிங் பேக் என்றால் ஊகம் தப்பினாலும் எட்டு, பத்து யார்டோடு போகும். இங்கே ஒரே தப்புக்கு ஏழு புள்ளி. சரியாக ஊகித்தாலும் சில நேரம் பின்னால் ஓடி, ஒரு சுற்றுச் சுற்றி, தப்பித்துவிடுகிறார்.

பழையகார்ட்ரிட்ஜ்:
கொஞ்சம் பின்கதை சொன்னால் உதவும். 1989-இல் நிண்டெண்டோவுக்கு வந்த முதல் டெக்மோ பௌலில் 12 அணிகள்தான். பக்கத்துக்கு ஒன்பது பேர், அணிக்கு நான்கே பிளே. வீரர்கள் சங்கத்தின் அனுமதி மட்டும் இருந்தது, அணிகளின் லீக்கான என்எஃப்எல்லின் அனுமதி இல்லை. அதனால் வீரர்களின் பெயர் உண்டு, அணியின் பெயர் கிடையாது. வெறும் "லாஸ் ஏஞ்சலஸ்". டெக்மோ சூப்பர் பௌலுக்கு இரண்டு அனுமதியும் கிடைத்தது. 28 அணிகள், பதினொருவர், முழு சீசன், பேட்டரியில் சேமிக்கப்படும் புள்ளிவிவரம். அந்தக் காலத்துப் பெட்டிக்கு இது சாமானிய வேலை இல்லை.

அதிலும் ஓட்டை உண்டு. ஜிம் கெல்லி, பெர்னி கோஸார், ராண்டல் கன்னிங்ஹாம் என்ற மூன்று குவாட்டர்பேக்குகளும் அந்தச் சங்க ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. கேமில் அவர்கள் "கியூபி பில்ஸ்", "கியூபி பிரௌன்ஸ்", "கியூபி ஈகிள்ஸ்" (கியூபி என்றால் குவாட்டர்பேக், அடுத்தது அணிப் பெயர்). இந்தக் கடைசி ஆள் இருக்கிறாரே, பெயரே இல்லாமல் அத்தனை பேரையும் அலற வைப்பார். எறியவும் செய்வார், ரன்னிங் பேக் மாதிரி ஓடவும் செய்வார். ஜாக்சனைத் தடை செய்தால் அவரை என்ன செய்வீர்கள்? மேலே விழுபவர்களை உதறிவிட்டுப் போகும் கான்சாஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயேயை? பட்டியலை எங்கே நிறுத்துவீர்கள்?

மேடன்கட்சி:
இதற்குத்தான் மேடன் ஃபுட்பால் கேமை ஆடச் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினொரு பேர் இல்லாவிட்டால் தன் பெயரைத் தர மாட்டேன் என்று முன்னாள் பயிற்சியாளர் ஜான் மேடன் பிடிவாதமாக நின்றார். 1988-இல் ஆப்பிள் டூ கணினியில் வந்தது, 1990-இல் செகா ஜெனசிஸுக்கு வந்தது.

டெக்மோவின் ஜாக்சன் பொய்க்கணக்கு. நிஜத்தில் அவர் பேஸ்பால் சீசன் முடிந்த பிறகுதான் ஃபுட்பாலுக்கு வருவார். நான்கு சீசன், மொத்தம் 38 ஆட்டம். எந்த சீசனிலும் ஆயிரம் யார்டைத் தொட்டதில்லை. 1990-இல் அவர் 698 யார்டு. அதே ஆண்டு இன்னொரு ரன்னிங் பேக் பாரி சாண்டர்ஸ் 1,304 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். கேமில் யாரைக் கண்டு பயப்படுகிறோம்? சாண்டர்ஸைக் கண்டா?

ரெய்டர்ஸ்வெறியன்:
698 யார்டை பத்தே ஆட்டத்தில் ஓடினார் என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஓட்டத்துக்கு 5.6 யார்டு. சாண்டர்ஸுக்கு 5.1. 1987 நவம்பர் 30, சியாட்டில் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரே இரவில் 221 யார்டு. அதில் ஒரு ஓட்டம் மட்டும் 91 யார்டு, எல்லையைத் தாண்டியும் நிற்காமல் மைதானத்தின் சுரங்கவழிக்குள் போய்விட்டார். அன்று துரத்தியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் டெக்மோ செய்திருக்கிறது. சீசன் கூட்டுத்தொகையைப் பார்த்து வேகம் கொடுக்க அது என்ன வங்கியா?

இன்னொன்று. 1991 ஜனவரி 13, சின்சினாட்டிக்கு எதிரான பிளே ஆஃப். அங்கேதான் அவர் இடுப்பில் பலத்த அடிபட்டது. கேம் கடைக்கு வந்தது அந்த ஆண்டு டிசம்பரில். அதற்குள் அவருடைய ஃபுட்பால் முடிந்துவிட்டது. முழு சீசன் ஆடும் போ ஜாக்சன் அந்த கார்ட்ரிட்ஜில் மட்டும்தான் இருக்கிறார். அங்கிருந்தும் அவரைத் துரத்த வேண்டுமா?

எட்டுபிட்:
உருக்கமாக இருக்கிறது. ஆனால் நாம் எழுதுவது லீக் விதி, இரங்கல் கட்டுரை அல்ல.

புதுவரவு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இந்த விளையாட்டே எனக்குத் தெரியாது. எந்த அணியோடு தொடங்கலாம்?

பழையகார்ட்ரிட்ஜ்:
நான்கு முயற்சியில் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. அவ்வளவு தெரிந்தால் போதும், மற்றது ஆட ஆட வரும். சான் பிரான்சிஸ்கோவை எடுங்கள். மொன்டானா எறிவார், ஜெரி ரைஸ் பிடிப்பார். ரெய்டர்ஸோடு தொடங்காதீர்கள். ஓடுவதைத் தவிர எதையும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

எட்டுபிட்:
பார்த்தீர்களா? அவரே சொல்லிவிட்டார்.

சீசன்பிரியன்:
கணினிக்கு எதிரான சீசன் வேறு, ஆளுக்கு ஆள் வேறு. சீசனில் நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க எதிரணிக்கு வேகமும் பலமும் ஏறிக்கொண்டே போகும். அங்கே ஜாக்சன் இருந்தாலும் கடைசி வாரங்களில் வேர்த்துவிடும். லீக்குக்கு ஒரு வழி: ஒருவர் இரண்டு அணிகளைச் சொல்லட்டும், மற்றவர் அதில் தனக்கு வேண்டியதை எடுக்கட்டும். அதிரசத்தை அண்ணன் பிட்டு, தம்பி முதலில் எடுப்பது போல. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் நடக்கும் டெக்மோ போட்டியிலும் இந்த மாதிரிதான் அணி பிரிக்கிறார்கள். தடையே தேவைப்படாது.

எட்டுபிட்:
அப்படியென்றால் ரெய்டர்ஸ் பெயரை யாருமே சொல்ல மாட்டார்கள். நடைமுறையில் நான் கேட்ட தடைதான். எனக்குச் சம்மதம்.

ரெய்டர்ஸ்வெறியன்:
யார் சொல்ல மாட்டார்கள்? நான் சொல்கிறேன். ரெய்டர்ஸ், சான் பிரான்சிஸ்கோ. எடுங்கள் பார்க்கலாம்.

எட்டுபிட்:
சான் பிரான்சிஸ்கோ. சனிக்கிழமை இரவு வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு நிபந்தனை: ஜாக்சனை வைத்துத் தன் எல்லைக்கோடு வரை பின்னால் ஓடி, ஐந்து நிமிட குவார்ட்டரை (ஆட்டத்தின் கால் பகுதி) தின்று தீர்க்கக் கூடாது. அதற்கென்றே வீடியோ போட்டு வைத்திருக்கிறார்கள்.

ரெய்டர்ஸ்வெறியன்:
சனிக்கிழமை சரி. நிபந்தனை முடியாது. முன்னால் இருக்கும்போது கடிகாரத்தைக் கரைப்பதை நிஜ ஃபுட்பாலிலும் செய்கிறார்கள்.

மேடன்கட்சி:
நிஜத்தில் யாராவது பின்னால் ஓடிக் கரைக்கிறார்களா?

ரெய்டர்ஸ்வெறியன்:
கேட்டுவிட்டுச் சொல்கிறேன். நீங்கள் சனிக்கிழமை வந்து பாருங்கள்.