காட்டில் முதலில் குடியேறியவர்களின் வாய்மொழி வரலாறு: முரண்படும் நினைவுகளை என்ன செய்வது?

கேள்வி:
அடர்காட்டில் முதன்முதலாகக் குடியேறிய குடும்பங்களின் முதியவர்களைப் பேட்டி கண்டு பதிவு செய்து வருகிறேன். மரம் வெட்டி வீடு எழுப்பியதை நுணுக்கமாக விவரிப்பவர்கள், ஆண்டைக் கேட்டதும் தடுமாறுகிறார்கள். ஒரே காட்டுத்தீயை அண்ணன் கிணறு வெட்டுவதற்கு முன்பும் தங்கை அதற்குப் பின்பும் வைக்கிறார்கள். யார் சொல்வதை ஏற்பது?

பதில் 1:
ஆண்டைக் கேட்காதீர்கள், தீ வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர் யார் என்று கேளுங்கள், மீதியைப் பிறப்புப் பதிவேடு சொல்லிவிடும். தீயில் கருகியும் பிழைத்த மரம் அருகில் இருந்தால், வடுவுக்குப் பின் உருவான ஆண்டு வளையங்களை எண்ணியும் காலத்தைக் கணிக்கலாம். ஆனால் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக உருவாகாத வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் இது கைகொடுக்காது.

பதில் 2:
சரிபார்ப்பது நல்லதுதான், ஆனால் தவறான பதிலை அழித்துவிடாதீர்கள். இத்தாலியின் டெர்னி நகரில் 1949-இல் கொல்லப்பட்ட தொழிலாளி லூயிஜி திராஸ்துல்லியின் மரணத்தைப் பலர் 1953-ஆம் ஆண்டின் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்தனர். அந்தப் பிழையே அவர்களின் மனக்காயத்தைக் காட்டுகிறது என்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்டெல்லி விளக்கினார்.

கேட்டவர்:
இப்போதுதான் உறைக்கிறது: தண்ணீர் சுமந்தவர் தங்கை. அவரிடம் கிணற்றைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன்.